கன்னி மூலை மண்

எழுபதுகளின் கடைசியில் மல்லசமுத்திரம் பக்கம் ரிக் வண்டியில் வேலை செய்தேன். தண்ணீருக்காகத் துளை போடுவதுதான் எங்கள் தொழில். ஒரே ஒரு முறை, மண்ணைப் பார்ப்பதற்காகத் துளை போடக் கூப்பிட்டார்கள்.

ஒரு தோட்டத்துக்காரர் ஆஸ்பத்திரி கட்ட இடம் தானமாகத் தந்திருந்தார். பிரசவ வலி எடுத்தால் மாட்டு வண்டியில் திருச்செங்கோடு போக வேண்டிய ஊர் அது. என் அக்கா வண்டியிலேயே பிள்ளை பெற்றவள். ஆனால் தோட்டத்துக்காரர் ஒரு நிபந்தனை போட்டிருந்தார். மாடிக் கட்டடம் தென்மேற்கில், கன்னி மூலையில்தான் வரவேண்டும். உயரமானது அங்கேதான் இருக்க வேண்டும் என்பது எங்கள் பக்கத்து வழக்கம். மாற்றினால் இடம் கிடையாது.

கிழக்கே போட்ட துளையில் உடனே பாறை தட்டியது. கன்னி மூலையிலோ பழைய ஏரி வண்டல் வந்துகொண்டே இருந்தது. கட்டடம் கட்டுகிறவர்கள் அனுப்பிய இஞ்சினியர், வயர் கோத்த சிறு பெட்டிகளை மண்ணில் குத்தினார். ஓர் இரும்புத் தகட்டை வைத்து, என்னைச் சம்மட்டியால் அடிக்கச் சொன்னார். அதிர்வு மண்ணில் எப்படிப் போகிறது என்று பார்த்தார்.

"பூமிக்கே நாடி புடிக்கறீங்களா சார்?" என்று தோட்டத்துக்காரர் சிரித்தார்.

எனக்கு ஆவல் தாங்கவில்லை. கூச்சத்தை விட்டுக் கேட்டேன்.

"நம்மூருல பூமி அதிராதுங்களே. இதெல்லாம் எதுக்குங்க?"

"வருமா வராதான்னு எனக்குத் தெரியாதுப்பா. வந்தா இந்த இடம் எப்படி ஆடும், அதுக்கு எப்படிக் கட்டணும், அதைத்தான் பாக்கறேன். பக்கத்து ஊர்க் கணக்கு இங்க உதவாது."

ஒரு டம்ளரில் தண்ணீர் தளும்ப ஊற்றித் தகட்டருகே வைத்தார். கிழக்கே, பாறை மேல் அடித்தேன். தண்ணீர் மெல்லச் சிலிர்த்து அடங்கியது. தகட்டையும் டம்ளரையும் கன்னி மூலைக்கு மாற்றி, வண்டல் மேல் அடித்தேன். விளிம்பு தாண்டிச் சிந்தியது. அடித்தவன் நானே, சம்மட்டியும் அதே. எனக்கு அது புதுமையாக இருந்தது.

"நீ வேணும்னே ஓங்கிப் போடறே. கொண்டா இங்க!" என்று தோட்டத்துக்காரர் சம்மட்டியைப் பிடுங்கினார். இரண்டு இடத்திலும் தானே அடித்துப் பார்த்தார். வண்டலில் அவருக்கும் சிந்தியது. வேட்டியைத் தட்டிக்கொண்டு இஞ்சினியரிடம் திரும்பினார்.

"சம்மட்டிக்கே இப்படீன்னா, உள்ள புள்ளத்தாச்சிக படுத்திருப்பாங்களே சார். மாடி பாறை மேலயே வரட்டுமுங்க. ஆனா கன்னி மூலை மொட்டையாக் கெடக்கப்படாது. அங்க தென்னம்புள்ள வெச்சுக்கறேன்."

"தாராளமா வைங்க. அது எவ்வளவு ஆடினாலும் யாரும் கேக்கமாட்டாங்க" என்றார் இஞ்சினியர்.

மறுநாள் காலையில் நாங்கள் ரிக்கைக் கிளப்பும்போது, அந்த மூலையில் தென்னைக்குக் குழி எடுத்துக்கொண்டிருந்தார்கள்.