கிருஷ்ணம்மாவும் மூன்றாம் மெஷினும்

உக்குவளை வாசிகசாலை மலருக்கு என் வாழ்க்கையை எழுதித் தரும்படி கேட்டார்கள். கேட்டதில் ஆச்சரியம் இல்லை. ஸ்டேஷன் ரோட்டில் அழகையா டைப்பிங் என்றால் தெரியாத ஆள் கிடையாது. ஐந்தாம் வகுப்போடு படிப்பு நின்றது. மாத்தளையில் மிளகு மூட்டை தூக்கினேன். ஒரு பழைய டைப்ரைட்டரை வாங்கி ஒற்றை விரலால் தட்டிப் பழகினேன். இரண்டாயிரத்து ஆறில் என் கடையில் மூன்று கம்பியூட்டர் ஓடின. அந்த ரோட்டில் வேறு எந்தக் கடையில் ஒன்றாவது இருந்தது?

எழுத உட்கார்ந்தால் கிருஷ்ணம்மாதான் முன்னால் வந்து நிற்கிறாள். அவள் கதையையே எழுதுகிறேன்.

உக்குவளைக்கு மேலே உள்ள தேயிலைத் தோட்டத்தில், எண்பத்து மூன்று ஆடியில் பிறந்தவள். பிறந்த ஒன்பதாம் நாள், கலவரத்துக்குப் பயந்து தாயும் பிள்ளையும் மிளகுக் கொடிகளுக்குள் ஒளிந்திருந்தார்களாம். பிள்ளை ஒரு சத்தம் போடவில்லை என்று அவள் அப்பா இருளாண்டி இன்றைக்கும் சொல்லுவார். வளர்ந்த பிறகும் அப்படித்தான், கேட்டால்தான் பேசுவாள். அந்த லயத்து வீடுகளில் சாதாரண தரப் பரீட்சை பாஸான முதல் பெண். இரண்டாயிரத்து நான்கில் என்னிடம் வேலைக்கு வந்தாள். அவள் தட்டிய இங்கிலீஷ் கடிதத்தில் பிழை கண்டவர் இல்லை. பாஸ்போர்ட் விண்ணப்பம், வேலை விண்ணப்பம், சோதனைச் சாவடியில் பிடிபட்ட பிள்ளையைக் கேட்டு எழுதும் கடிதம், எல்லாம் அவள் கைதான்.

மூன்றாவது மெஷின் கொழும்பில் ஏதோ கம்பனிக் கந்தோரில் கழித்துப் போட்டது. மற்ற இரண்டிலும் இருந்த விண்டோஸ் அதில் ஓடாது என்று விற்றவன் லினக்ஸ் போட்டுத் தந்தான். படம் கிடையாது, கறுப்புத் திரையில் வெள்ளை எழுத்து மட்டும். கடைக்குக் கொண்டுவந்து வயர் எல்லாம் பூட்டினேன். கீபோர்டும் வேலை செய்யவில்லை, மவுசும் வேலை செய்யவில்லை. அன்றைக்கே மாத்தளைக்குப் போய் இரண்டையும் புதிதாக வாங்கி வந்தேன். அதுவும் சரிவரவில்லை. கிருஷ்ணம்மா மேசைக்கு அடியில் குனிந்தாள்.

“முதலாளி, ரெண்டையும் மாத்திச் சொருகி இருக்கீங்க. ஊதா ஓட்டை கீபோர்டுக்கு, பச்சை மவுசுக்கு.”

“தெரியும் தெரியும். நீ கண்டுபிடிக்கிறியான்னு பாத்தேன்.”

“அப்ப மாத்தளைக்கு எதுக்குங்க போனீங்க?”

வந்திருந்தவர்கள் சிரித்தார்கள். நானும் சிரித்தேன். மவுசுக்கு அந்தக் கறுப்புத் திரையில் ஒரு வேலையும் இல்லை என்று பிறகு சொன்னாள். வருகிறவர்கள் பார்க்கட்டும் என்று அதை அங்கேயே விட்டு வைத்தேன்.

என் கடையில் ஒரு சட்டம் இருந்தது. ஒரு தரம் கரண்ட் போய் ஒரு தாயின் கடிதம் முழுவதும் அழிந்ததற்குப் பிறகு போட்ட சட்டம். ஒவ்வொரு வரிக்கும் கண்ட்ரோலையும் எஸ்ஸையும் சேர்த்து அழுத்து, எழுதியது பத்திரமாகும். பெரிய எழுத்தில் எழுதிச் சுவரில் ஒட்டினேன். கிருஷ்ணம்மா ஒரு நாள் மூன்றாம் மெஷினைக் காட்டினாள்.

“இதுக்கு அது வேணாங்க. இது சேமிக்கிறது வேற மாதிரி.”

“என் கடையில எல்லா மெஷினுக்கும் ஒரே சட்டம்” என்றேன். அவள் அந்த மெஷினில் தன் வழியிலேயே வேலை செய்துகொண்டாள்.

மலைப் பக்கம் கறுத்தால் எங்கள் ஊரில் கரண்ட் போகும். கறுத்த உடனே கிருஷ்ணம்மா வெளியே ஓடி, போட்டோகொப்பி போர்டையும் படிவத் தட்டையும் உள்ளே இழுத்து வைப்பாள். அந்த நேரம் நான் எழும்பி மூன்று மெஷினிலும் அந்த இரண்டு விசையையும் அழுத்திவிட்டு வருவேன். முதலாளிக்கு இருக்கிற கவனம் வேலை செய்கிறவர்களுக்கு வராது என்பது என் நினைப்பு.

அவள் திரும்பி வந்து உட்கார்ந்தால் மூன்றாம் மெஷினில் எழுத்து விழாது. தட்டத் தட்டத் திரை அப்படியே நிற்கும். ஒரு மழைக்காலத்தில் நாலைந்து தரம் இப்படி ஆனது. ஒவ்வொரு தரமும் அவள் பதறாமல் பார்ப்பாள்.

“கீபோர்ட் சாகல்லைங்க. இந்தக் கட்டையை அமுக்கினா லைட் பத்துது பாருங்க.” பிறகு வேறு இரண்டு விசையை அழுத்துவாள், இன்னொரு கறுப்புத் திரை வரும். அதில் எழுத்து ஒழுங்காக விழும். “பாத்தீங்களா? அந்த ஒரு திரைதான் நிக்குது. யாரோ நிறுத்தி வச்ச மாதிரி.”

“யாரோன்னா யாரு? இங்க இருக்கிறது நீயும் நானும்தானே!”

அவள் கொப்பியில் குறித்துக்கொள்வாள். எந்த நாள், எந்த நேரம், மழையா வெயிலா. கீபோர்ட் வயரைக்கூடக் கழற்றி வேறு மாட்டிப் பார்த்தாள். அவள் முடிக்கும் வரை எனக்குப் பொறுமை இல்லை, பிளக்கைப் பிடுங்கிவிடுவேன். திரும்பப் போட்டால் மெஷின் ஓடும். திருத்தியது நான் என்று ஆகிவிடும்.

இரண்டாயிரத்து எட்டு ஐப்பசியில் தோட்டத்து ஆட்களைப் பொலிசில் பதிய நாற்பது பேரின் விபரம் தட்ட வந்தது. மத்தியானம் வானம் கறுத்தது. அவள் போர்டை எடுக்கப் போனாள், நான் விசையை அழுத்தினேன். வந்து உட்கார்ந்தாள், திரை நின்றது. வழக்கம்போலப் பிளக்கைப் பிடுங்கினேன். பாதிப் பெயர் போயிற்று. விபரம் கொண்டுவந்த தோட்டத்துத் தலைவர்மார் வாசலில் நின்றார்கள். எனக்கு மானம் போனது.

“உன் கை பட்டா மெஷின் செத்துருது. நாளையில இருந்து வராதே.”

அவள் அழவில்லை. “இன்னும் ஒரே ஒரு தரம் நிக்கட்டும் முதலாளி. பிளக்கைப் பிடுங்காம விடுங்க. நான் கண்டுபிடிச்சிருவேன்.”

“கண்டுபிடிச்சது போதும். போ.”

அதோடு நான் நிற்கவில்லை. மாத்தளையில் இரண்டு கடைக்காரர்கள் அவளுக்கு வேலை கொடுக்கலாமா என்று போனில் கேட்டார்கள். மெஷினைக் கெடுக்கிற பெண் என்று சொன்னேன். நாலு வருடம் கீபோர்டில் ஓடிய விரல் கொழுந்து பறிக்கப் போனது.

ஒரு மாதம் கழித்து நானே மூன்றாம் மெஷினில் ஒரு கடிதம் தட்டிக்கொண்டிருந்தேன். இடி கேட்டது. மூன்றிலும் அழுத்திவிட்டு வந்து உட்கார்ந்தேன். எழுத்து விழவில்லை. கோபத்தில் கண்ட விசையையும் அறைந்தேன். போட்டோகொப்பி எடுக்க வந்த ஸ்ரீஸ்கந்தராஜா எட்டிப் பார்த்தார். யாழ்ப்பாணத்து ஆள், அரசாங்கக் கச்சேரியில் கம்பியூட்டர் பார்ப்பவர்.

“ஐயா, கடைசியா என்ன அமத்தினனீங்கள்?”

“பத்திரப்படுத்தினேன். கண்ட்ரோலும் எஸ்ஸும்.”

அவர் சிரித்துவிட்டார். “இதிலை அது நிப்பாட்டுற கட்டளை ஐயா. முந்தி எழுத்து வேகமா ஓடேக்கை, நிப்பாட்டி வாசிக்கிறதுக்கு வச்சது. இப்ப கண்ட்ரோலும் கியூவும் அமத்துங்கோ.”

அழுத்தினேன். நான் அறைந்த எழுத்தெல்லாம் மளமளவென்று திரையில் வந்து விழுந்தது. ஒன்றுகூடத் தவறவில்லை. ஸ்ரீஸ்கந்தராஜா போன பிறகும் நான் அதையே பார்த்துக்கொண்டிருந்தேன். கிருஷ்ணம்மா வெளியே போன ஒவ்வொரு மழையும், அந்த நேரம் நான் எழும்பிப் போய் அழுத்தியதும் ஞாபகத்துக்கு வந்தது.

ஞாயிற்றுக்கிழமை தோட்டத்துக்குப் போனேன். இருளாண்டி பிளேன்டீ தந்தார். கிருஷ்ணம்மா தண்ணீர்க் குடத்தோடு வந்து நின்றாள்.

“மெஷின் சரியாயிருச்சு புள்ள. நாளைக்கு வேலைக்கு வா.”

“என்ன பிழைங்க முதலாளி?”

கச்சேரியில் பெரிய பெரிய ஐயாமாரோடு வாய் வளர்த்தவன் நான். அன்றைக்கு அவள் அப்பா முன்னால் எனக்கு உண்மை வரவில்லை.

“வயர்” என்றேன்.

“எந்த வயருங்க?”

“கீபோர்ட் வயர்தான்.”

“அதை நான் மாத்திப் பாத்தேங்க. அப்பவும் நின்னுச்சு.” என் முகத்தையே பார்த்தாள். நான் டீயைக் குடித்தேன். “நான் வரல்லைங்க. அடுத்த தரம் நின்னாலும் என்னைத்தான் சொல்லுவீங்க. மாத்தளைக் கடைக்காரங்ககிட்ட மட்டும், நான் கெடுக்கல்லைன்னு சொல்லிருங்க.”

சொல்கிறேன் என்று வந்தேன். அவர்களிடமும் வயர் என்றுதான் சொன்னேன். “அப்ப வயரை இழுத்தது அந்தப் பொண்ணா?” என்று ஒருவர் கேட்டார். நான் போனை வைத்துவிட்டேன்.

இந்த வருடம் பங்குனியில் அவள் குவைத்துக்கு வீட்டு வேலைக்குப் போய்விட்டாள். பாஸ்போர்ட் விண்ணப்பத்தை வேறு எங்கேயோ தட்டினார்களாம். எனக்கே தெரியும், அவளைப்போலப் பிழை இல்லாமல் தட்டியிருக்க மாட்டார்கள்.

சுவரில் இருந்த சட்டத்தைக் கிழித்துவிட்டேன். மூன்றாம் மெஷின் இப்போதும் ஓடுகிறது. மலர் வந்ததும் மூன்று பிரதி வாங்குவேன். இரண்டை மாத்தளைக் கடைக்காரர்களிடம் நானே கொண்டுபோவேன். மற்றதை இருளாண்டியிடம் கொடுத்து மகளுக்கு அனுப்பச் சொல்வேன்.

கிருஷ்ணம்மா, வயர் நல்ல வயர். அழுத்தினது நான்.