மீன்காரம்மாவைத் தேடிப் போன மதியம்

ராயபுரம் பக்கத்து அரசு மருத்துவமனையில் நான் பயிற்சி மருத்துவராகச் சேர்ந்து இரண்டாவது மாதம். ஒருநாள் காலை, காசிமேட்டில் மீன் விற்கும் அம்மா ஒருவர் மார்புக்குழியை அழுத்திப் பிடித்துக்கொண்டு வந்தார்.

"எரியுது டாக்டரம்மா. காலீல வெறும் டீதான் குட்ச்சேன்."

ஈசிஜி எடுத்தேன். கோளாறு எதுவும் தெரியவில்லை. மூத்த மருத்துவரிடம் காட்டினேன். அவரைச் சுற்றிப் பத்துப் பேர் நின்றிருந்தார்கள். "வாயுதான். மாத்திரை கொடுத்து அனுப்பு" என்றார். கொஞ்ச நேரம் உட்கார வைத்துப் பார்க்கலாமா என்று கேட்க நினைத்தேன், வாய் வரவில்லை. அந்த அம்மாவிடம் போய், "ஒண்ணுமில்லம்மா, வாயு" என்றேன், எல்லாம் தெரிந்தவள் மாதிரி.

அதற்குப் பிறகு என்னால் ஓரிடத்தில் நிற்க முடியவில்லை. அவருக்கு வேர்த்திருந்ததா? வேர்த்திருந்தது. ஆனால் அந்தப் புழுக்கத்தில் எல்லோருக்கும்தான் வேர்த்தது. தையல் போட்டேன், ரத்தம் எடுத்தேன், ஒருவர் பெயரை இரண்டு முறை தப்பாக எழுதினேன். மதியம் பணி முடிந்ததும் சாப்பாட்டு டப்பாவைத் திறக்காமல் ஷேர் ஆட்டோவில் ஏறினேன்.

காசிமேட்டில் மூன்று பேரிடம் விசாரித்துக் கண்டுபிடித்தேன். சங்கரா மீன் கூறுகளுக்கு முன்னால் உட்கார்ந்திருந்தார்.

"இன்னா டாக்டரம்மா, மீன் வாங்க வந்துகிறியா?"

"இல்லம்மா. இன்னொரு ஈசிஜி எடுக்கணும், வாங்க."

"காலீல ஒண்ணுமில்லன்னியே? யாவாரத்த வுட்டுட்டு வரணுமா?"

"எரிச்சல் நின்னுச்சா?"

இடது கையைத் தேய்த்துக்கொண்டிருந்தார். பிறகு பக்கத்தில் இருந்த பெண்ணிடம் கூடையைப் பார்த்துக்கொள்ளச் சொல்லிவிட்டு எழுந்தார்.

இரண்டாவது ஈசிஜியில் கோடுகள் மேலே ஏறியிருந்தன. மாரடைப்பு. மூத்த மருத்துவர் தாளைப் பார்த்தார், என்னைப் பார்க்கவில்லை. உடனே மருந்து கொடுத்து, பெரிய மருத்துவமனைக்கு ஆம்புலன்ஸில் அனுப்பினோம்.

பிழைத்துவிட்டார். மூன்று வாரம் கழித்து மாத்திரை வாங்க வந்தவர் என்னைத் தேடி வந்தார். நன்றி சொல்ல வருகிறார் என்று நினைத்தேன்.

"மொதோ தபா ஏன் அனுப்ச்ச?"

"அப்போ எனக்குத் தெரியலம்மா."

"தெரியலன்னா தெரியலன்னு சொல்றதுக்கு இன்னா? நான் அங்கியே குந்திகினு இருந்திருப்பேனே."

இப்போதெல்லாம் தெரியாவிட்டால் தெரியாது என்றே சொல்லிவிடுகிறேன். சிலர் முறைக்கிறார்கள், சிலர் வேறு டாக்டரைக் கேட்கிறார்கள். அப்படியும் மனம் அடங்குவதில்லை. போன வாரம், வயிற்று வலிக்கு மாத்திரையோடு அனுப்பிய ஒருவரை நினைத்து, பாதி வழியில் திருவொற்றியூரில் பேருந்தைவிட்டு இறங்கி போன் செய்தேன். வலி போய் அசந்து தூங்கிக்கொண்டிருந்தாராம். மதியத் தூக்கத்தைக் கெடுத்ததற்காகத் திட்டினார்.