மகள் பெயர் சேர்க்கப் போன வீடு

சனிக்கிழமை மாலை நாலு இருபதுக்கு அந்தப் போன் வந்தது. தெரியாத எண். "உங்க பிள்ள புதுப்பட்டியில எங்க வீட்டுல இருக்கு. வந்து கூட்டிட்டுப் போங்க" என்றது ஓர் ஆண் குரல். நான் வாயைத் திறப்பதற்குள் வைத்துவிட்டார். திரும்ப அழைத்தேன், எடுக்கவில்லை. மகளின் போன் அணைந்து கிடந்தது. இன்றைக்கும் தெரியாத எண் என்றால் எடுக்கக் கை வருவதில்லை.

மகள் ராஜபாளையத்தில் கல்லூரி இரண்டாம் வருடம். அன்று காலேஜில் வேலை இருப்பதாகச் சொல்லிவிட்டுத்தான் போனாள். அவள் வகுப்புத் தோழி ஒருத்தியைப் போனில் பிடித்த பிறகே விஷயம் தெரிந்தது. பதினெட்டு முடிந்தவர்களை வாக்காளர் பட்டியலில் சேர்க்கும் பொறுப்பு வகுப்பில் என் மகளுடையது. எல்லோரும் போனிலேயே விண்ணப்பித்துவிட்டார்கள். வத்திராயிருப்புப் பக்கத்து வ. புதுப்பட்டிப் பெண் ஒருத்தி மட்டும் பாக்கி. விண்ணப்பத்தில் கேட்கிற தன் வாக்காளர் அட்டை எண்ணை அவள் அப்பா தர மறுத்துவிட்டார். வேறு ஊருக்குக் கட்டிக்கொடுக்கப் போகிற பிள்ளை, புகுந்த வீட்டில் எழுதிக்கொள்ளட்டும் என்றாராம். எங்கள் பக்கத்தில் இது புதிதில்லை. கல்யாணப் பத்திரிகை அடித்த பிறகுதான் பல பெண்களுக்கு ஓட்டு நினைவுக்கு வரும். நேரில் பேசிப் பார்க்கிறேன் என்று என் மகள் கிளம்பிப் போயிருக்கிறாள்.

கணவர் மதுரையில் இருந்தார். ஊர் வம்புக்கு இவளை யார் போகச் சொன்னது என்று என்னிடம் கத்திவிட்டு, பஸ் ஏறப் போவதாகச் சொன்னார்.

மடவார் வளாகத்தில் எங்கள் வீட்டிலிருந்து ஆட்டோ பிடித்து ஸ்ரீவில்லிபுத்தூர் பஸ் ஸ்டாண்டுக்குப் போனேன். வத்திராயிருப்பு வண்டி அப்போதுதான் கிளம்பியிருந்தது. அடுத்ததற்காக நின்றேன். ஓட்டு என்று சொன்னால் அந்தப் பெண்ணின் அப்பா நம்பியிருப்பாரா? காதல் விவகாரத்துக்குத் தூது வந்தவள் என்று நினைத்திருந்தால்? பெண்பிள்ளை விஷயத்தில் வருகிற கோபம் எங்கே போய் நிற்கும் என்று யாரால் சொல்ல முடியும்?

இருட்டுவதற்குள் ஒரு மொபெட் வந்து என்னெதிரே நின்றது. பின்னால் என் மகள், சார்ஜ் தீர்ந்த போனைக் கையில் பிடித்தபடி. வீட்டில் விடத்தான் வந்தார்களாம். என்னைப் பார்த்து அவள் நிறுத்தச் சொல்லியிருக்கிறாள். ஓட்டிவந்தவர், அந்தப் பெண்ணின் அப்பா, வண்டியை அணைக்கவில்லை.

"கோவத்துல போன் போட்டுட்டேன், மனசுல வச்சுக்கிடாதீங்க" என்றார். "கட்டிக்குடுக்குற வரைக்கும் எம்மக எந்த ஊருக்காரின்னு உங்க பிள்ள கேட்டுட்டு, நகராம உக்காந்துருச்சும்மா. எங்க ஊருக்காரிதான. நம்பரக் குடுத்துட்டேன். நாளைக்கு மாப்பிள்ள ஊர்ல பேர மாத்தணும்னா உங்க பிள்ளதான் வந்து அலையணும். இப்பவே சொல்லிட்டேன்."