யாருடைய மரபணு

2024 நவம்பர் 10, ஞாயிற்றுக்கிழமை, காலை மணி பத்து நாற்பது. வானம் மூடியிருந்தது, விட்டு விட்டுத் தூறல். கடத்தூரை ஒட்டிய எங்கள் ஊர்ச் சமுதாயக் கூடத்தில் அறுபது நாற்காலிகளும் நிறைந்து, பன்னிரண்டு பேர் சுவரோரம் நின்றார்கள். ஈரக் குடைகளின் வாடையும் போண்டா எண்ணெயின் வாடையும் சேர்ந்து குமட்டியது. இன்றைக்கும் போண்டாவைக் கண்டால் முகத்தைத் திருப்பிக்கொள்கிறேன்.

என் மகள் டெங்குவுக்கு டி.என்.ஏ. தடுப்பூசி உருவாக்கும் குழுவில் இருக்கிறாள். இதில் கிருமியை உடம்புக்குள் விடுவதில்லை. கிருமியின் ஒரே ஒரு புரதத்தைச் செய்வதற்கான குறிப்பை மட்டும் ஊசியில் ஏற்றுகிறார்கள். நம் செல்களே அந்தப் புரதத்தைச் செய்ய, உடம்பு அதைப் பார்த்து எதிர்க்கக் கற்றுக்கொள்கிறது. எலிகளில் பிரமாதமாக வேலை செய்ததாம். மனிதர்களில் எதிர்ப்பு மந்தமாகத்தான் எழுந்தது. ஏற்றியதில் பெரும்பகுதி செல்லுக்குள் போவதே இல்லை. அதற்காக, ஊசி போட்ட இடத்தில் கண்ணிமைக்கும் நேரம் லேசாக மின்சாரம் கொடுத்து, செல்லின் சவ்வைச் சற்றுத் திறக்கப் பார்க்கிறார்கள். இதைச் சோதிக்க நல்ல ஆரோக்கியமுள்ள முப்பது பேராவது எங்கள் வட்டாரத்திலிருந்து வேண்டும். சேராவிட்டால் சோதனை வேறு மாவட்டத்துக்குப் போய்விடும். சொந்த ஊரில் நடக்க வேண்டும் என்று மேலிடத்தில் மன்றாடி வாங்கியவள் அவள்தான்.

துண்டறிக்கையைத் தமிழில் எழுதித் தருகிறேன் என்று நானாகப் போய் நின்றேன். முப்பத்து நான்கு வருடம் மேல்நிலைப் பள்ளியில் விலங்கியல் நடத்தியவன். அவள் டி.என்.ஏ. என்று எழுதியிருந்த பதினான்கு இடங்களிலும் அதை அடித்துவிட்டு மரபணு என்று எழுதினேன்.

"டி.என்.ஏ.ன்னே வுடுங்கப்பா. மரபணு வேற, இது வேற," என்றாள் போனில்.

தமிழில் இருந்தால்தான் ஜனங்களுக்குப் புரியும் என்று அடம்பிடித்தேன்.

கூட்டத்தில் என்னென்ன கேட்பார்கள் என்று பதினோரு கேள்விகளும் விடைகளும் எழுதி வைத்திருந்தேன். அதில் ஏழு மின்சாரத்தைப் பற்றியவை. மின்சாரத்தைப் பற்றி ஒருவர்கூட வாய் திறக்கவில்லை. என் மகள் பேசி முடித்ததும் நாற்பத்தைந்து பேர் விருப்பப் படிவம் வாங்கினார்கள். அப்போது என் பங்காளி எழுந்தார். என்னைவிட நான்கு வயது இளையவர், பதினெட்டு ஏக்கர் வைத்திருக்கிறார், அவர் எழுந்தால் தெருவே எழும்.

"ஏங்கண்ணா, மரபணுன்னு போட்டிருக்குதே. அது யாரோட மரபுங்க?"

டெங்குக் கிருமியுடையது என்றேன். கிருமி காற்றிலா வளர்கிறது, எவன் உடம்பிலாவது எடுத்ததுதானே என்றார். யார் உடம்பிலும் எடுக்கவில்லை, வரிசையைக் கணினியில் பார்த்து ஆய்வகத்தில் கோத்தது என்று விளக்கினேன்.

"அப்ப கோத்தவன் எவன்? எந்த வூட்டுதுன்னே தெரியாம நம்ம பொண்ணுங்களுக்கு ஏத்திப்புட்டா, நாளைக்குப் பொறக்கறது எந்தக் கணக்குங்கண்ணா?"

ஒருவரும் சிரிக்கவில்லை. அதுதான் அருவருப்பாக இருந்தது. என்னிடம் படித்த பதினாறு பேர் அந்தக் கூடத்தில் இருந்தார்கள், அவர்களும் தலையாட்டினார்கள். படிவங்களை நாலாக மடித்தார்கள்.

பின்வரிசையிலிருந்து ஒரு பெண் குரல் வந்தது. "கொசு மட்டும் வூடு பாத்தா கடிக்குது?"

கீழ்த்தெருக்காரர். சந்தையில் தக்காளிக் கூடை தூக்குகிறவர். பிளஸ் டூவில் என் மாணவி. மரபியல் தேர்வில் இருபதுக்குப் பதினேழு வாங்கியவர். முந்தின ஐப்பசியில் அவர் மகள் டெங்குவில் ஒன்பது நாள் ஆஸ்பத்திரியில் கிடந்து பிழைத்தாள். அன்று எல்லோருக்கும் முன்னால், ஒன்பது ஐம்பதுக்கே வந்து, பட்டியலில் முதல் பெயராகத் தன் பெயரை எழுதியிருந்தார். முன்வரிசைத் தலைகள் திரும்பி அவரைப் பார்த்த பார்வையை நான் எழுத விரும்பவில்லை.

வாசலோர மேசையில் நின்ற என் மகளைப் பார்த்தேன். பட்டியலில் ஒன்பது பெயர்தான் நின்றது. முப்பதுக்கு இருபத்தொன்று குறைவு. என் வாயிலிருந்து அது வந்தது.

"பயப்படாதீங்க. அது நம்ம ஆளு ஒடம்புல எடுத்ததுதான். நானே விசாரிச்சுட்டேன்."

கூடம் மூச்சுவிட்டது. மடித்த படிவங்கள் பிரிந்தன. பங்காளி என் தோளைத் தட்டி, இதை முதலிலேயே சொல்லியிருக்கலாமே என்று உரிமையோடு கோபித்துக்கொண்டார். அவர் கைச் சூடு சட்டைக்குள் இறங்கியது. அதை உதறத் தோன்றியது, உதறவில்லை.

பின்வரிசைப் பெண் மேசைக்கு வந்து பேனா கேட்டார்.

"அப்ப அது எங்களுக்கு எதுக்குங்க சார்?"

தன் பெயரின் மேல் ஸ்கேல் வைத்தாற்போல் நேராக இரண்டு கோடு போட்டார். குடையை விரித்துக்கொண்டு தூறலில் இறங்கிப் போனார். அவரோடு கீழ்த்தெரு ஆட்கள் ஐந்து பேரும் போனார்கள். மீதி இருந்தவர்கள் டீ குடித்தார்கள். நானும் ஒரு போண்டா தின்றேன்.

கடைசியில் முப்பத்தேழு கையெழுத்து. தேவைக்கு ஏழு கூடுதல். வேனில் ஏறிய பிறகுதான் என் மகள் பேசினாள்.

"முப்பத்தேழு பேரும் பொய்யக் கேட்டுட்டுக் கையெழுத்துப் போட்டிருக்காங்க. ஒண்ணுகூடச் செல்லாதுப்பா."

உனக்காகத்தான் சொன்னேன் என்றேன்.

"தெரியும். அதனாலதான் நம்ம ஊரே வேண்டாம்னு எழுதப் போறேன்."

எழுதினாள். சோதனை வேறு மாவட்டத்துக்குப் போயிற்று. அங்கே கொடுத்த துண்டறிக்கையின் நகல் ஒன்றைத் தபாலில் அனுப்பினாள். கடிதம் எதுவும் வைக்கவில்லை. பதினான்கு இடத்திலும் டி.என்.ஏ. என்றே இருந்தது. பங்காளி இன்னும் டீக்கடையில் என்னைப் பார்த்தால், நம்ம ஆளு ஊசி எப்போது வரும் என்று கேட்கிறார். எங்கள் தெருவில் இந்த மழைக்கு நான்கு பேருக்கு டெங்கு. கொசு வீடு பார்த்துக் கடிக்கவில்லை; கீழ்த்தெருவிலும் நான்கு.

வீணாய்ப்போன அந்தக் கூட்டத்தின் செலவைத் திட்டக் கணக்கில் எழுத முடியாது என்று தன் கையிலிருந்து கட்டியிருந்தாள். நான் தருகிறேன் என்றேன். முதல் சம்பளம் வாங்கிய நாளிலிருந்து பதினோரு வருடமாக என்னிடம் ஒரு ரூபாய் வாங்காதவள். வேண்டாம் என்பாள் என்று காத்திருந்தேன். வங்கிக் கணக்கு எண்ணை அனுப்பினாள், கீழே தொகையும்: கூடம், நாற்காலி, துண்டறிக்கை, டீ, போண்டா, வேன், ஆக மொத்தம் ஆறாயிரத்து அறுநூற்று எண்பத்து நான்கு ரூபாய்.