சைக்கிளுக்கு மேட்சிங்

லோகநாதன் மறுபடியும் பிரிக்க ஆரம்பித்துவிட்டார். சைக்கிள் கைப்பிடியில் நேற்றுச் சாயங்காலம் முழுக்கச் சுற்றிய நாடா, ஞாயிறு காலையில் மடிமேல் சுருள்சுருளாக விழுந்தது. இடது கைப்பிடியையும் வலது கைப்பிடியையும் ஒரே பக்கமாகச் சுற்றிவிட்டாராம். அதனால் ஒன்று உள்நோக்கிப் போகிறது, ஒன்று வெளிநோக்கி.

"யார் கண்ணுக்குய்யா தெரியப் போவுது?" என்றாள் மனைவி வடிவு.

"கண்ணுக்குத் தெரியாதுமே. கைக்குத் தெரியும்."

அம்பத்தூர் எஸ்டேட் தொழிற்சாலையில் லேத் மெஷின் ஓட்டுகிறவர். மயிரிழை பிசகினாலும் பொருளைத் தூக்கிப் போடும் பழக்கத்தை வீட்டுக்கும் கொண்டுவந்துவிட்டார். ஆட்டுக்கொம்பு மாதிரி வளைந்த கைப்பிடியோடு ஒரு ரேஸ் சைக்கிளைப் பழைய இரும்புக் கடையில் பார்த்து வாங்கிய நாளிலிருந்து மனிதர் மனிதராக இல்லை. செயின் பளபளக்கிறது, மிளகாய்ப்பழச் சிவப்பில் பெயிண்ட் மின்னுகிறது. பாக்கி கைப்பிடி மட்டும்தான். அந்த 'மட்டும்' பொங்கலில் தொடங்கி ஆடிக்கு வந்துவிட்டது.

கடையில் கிடைக்கிற பிளாஸ்டிக் நாடா அவருக்கு ஆகாது. பழைய வண்டிக்குப் பருத்திதான் மரியாதை. ஆகவே சைக்கிளைத் தள்ளிக்கொண்டே கொரட்டூர் மேட்சிங் சென்டருக்குப் போனார்.

"புடவையைக் காட்டுங்கண்ணே," என்றாள் கடைப் பெண்.

"வாசல்ல நிக்குதும்மா."

அவள் சிரித்துவிட்டு, புடவை ஓரத்தில் தைக்கும் ஃபால்ஸ் துணிக் கட்டுகளை வெயிலுக்கு அள்ளிக்கொண்டு வந்து, ஒவ்வொன்றாக வண்டிமேல் போட்டுப் பார்த்தாள். கடுகு மஞ்சள் தேறியது. அதை நீளவாக்கில் வெட்டி, ஓரம் மடித்துத் தைத்து நாடாவாக்கிக் கொடுத்தவள் வடிவு.

சும்மா தைத்துக் கொடுக்கவில்லை. முன்கம்பியில் உட்காரவைத்து ஏரிக்கரையை ஒரு சுற்று சுற்றிக் காட்டுவதாக அவர் கொடுத்த வாக்குக்குத்தான். கல்யாணமான புதிதில் அப்படிப் போனது. அந்த ஆசை அவளுக்கு இன்னும் அடங்கவில்லை. கேட்கும்போதெல்லாம் "ஃபினிஷிங் முடியட்டும்மே" என்ற ஒரே பதில். இன்று அவள் பொறுமையும் முடிந்து, பூவும் வைத்துப் புடவையும் மாற்றிவிட்டாள்.

"யோவ், இன்னிக்கு நீ இட்டுகினு போலைன்னா, நான் ரயிலேறித் திருநின்றவூர் அக்கா ஊட்டுக்குப் போய்டுவேன். வண்டிய நீயே மடியில வச்சிகினு கொஞ்சு."

அவர் நாடாவை எடுத்து மளமளவென்று சுற்றினார். கீழ்முனையிலிருந்து மேலே, இந்த முறை இரண்டும் உள்நோக்கி. முடிவில் நூலை வரிந்து இறுக்க, மிச்ச நூலை வடிவு பல்லால் கடித்து அறுத்தாள். மர பாலிஷை ஒரு கை பூசியதும் கடுகு மஞ்சள் வெல்லப்பாகு நிறத்துக்கு இறங்கியது. இருவருமே வாயைப் பிளந்து பார்த்தார்கள். அது காய்வதற்குள் ஆளுக்கொரு டீ குடித்தாயிற்று.

வடிவு கம்பியில் ஏறி உட்கார்ந்தாள். "நல்லாத்தான்யா கீது."

அப்போதுதான் அவர் பார்த்தார். வலது வளைவில் ஒரு சுற்று நூலளவு ஏறி நின்றது. கட்டைவிரல் தானாகவே அந்த ஓரத்தைத் தேடிப் போனது. நகம் நாடாவைத் தொட்டது. கொஞ்சம் நின்றது. பிறகு நகர்ந்துபோய் மணியை அடித்தது.