தானாக மாறாத ஸ்லைட்

துறைமுக அலுவலகத்தின் புதிய மென்பொருளுக்குப் பயிற்சிப் பாடம் செய்தவன் நான். சரியான பொத்தானை அழுத்தும்வரை ஒவ்வொரு ஸ்லைடும் அப்படியே நிற்கும்.

கணவரை இழந்து இன்றுதான் வேலைக்குத் திரும்பிய கிளிவெட்டி ஊர் அக்கா, முதல் ஸ்லைடையே பார்த்துக்கொண்டிருந்தார். மற்றவர்கள் பாடத்தை முடித்துவிட்டுத் தேநீருக்குப் போய்விட்டார்கள்.

"விளங்கேல்லையோ அக்கா?"

"விளங்குது தம்பி. இது ஒண்டுதான் என்னை அவசரப்படுத்தாம நிக்குது. கொஞ்ச நேரம் இப்பிடியே இருக்கட்டும்."

பக்கத்துக் கதிரையில் உட்கார்ந்து நானும் அந்த ஸ்லைடையே பார்த்தேன்.

பின்னேரம் மேலதிகாரி கூப்பிட்டார்.

"சிலர் பாடத்தை முடிக்காம சரியா சுணங்கினம். ஸ்லைட் தானா மாறுற மாதிரிச் செய்ய ஏலாதோ?"

"ஏலாது சேர்."

கணினி தெரிந்த நண்பர்களே, அவர் உங்களிடம் கேட்டால் நீங்களும் அப்படியே சொல்லுங்கள்.