ரயில் பாதை அளந்தவர்களுக்கு இட்லி அவித்தேன்

பசியாறல் கடைக்காரிக்கு வருகிறவர் வயிறு தெரிந்தால் போதும் என்பார்கள். என்னைப் போல் அடுப்படியில் வேகும் அம்மாமார்களுக்குத் தெரியும், அவர்கள் வேலையும் நம் தலையில்தான் ஏறும்.

சண்டைக் காலத்தில் ஜப்பான்காரன் தண்டவாளத்தைப் பிடுங்கிக்கொண்டு போனதிலிருந்து எங்கள் மலாக்காவுக்கு ரயில் இல்லை. மெர்டேக்கா என்று சுதந்திரம் கிடைத்த கையோடு, ரயில் நிற்கிற தம்பினிலிருந்து மறுபடி பாதை போடலாமா என்று பார்க்க ஒரு சர்வே ஐயாவும் ஆட்களும் வந்தார்கள். மலாக்காவில் காஜா பெராங் பக்கம் இருக்கும் என் கடையில்தான் அவர்களுக்குக் காலைப் பசியாறல். தம்பினில் கட்டிக்கொடுத்த என் மகள் செல்விக்கு அப்போது ஏழாம் மாதம். பஸ் ஏறினால் குடலைப் பிடுங்குகிற மாதிரி வாந்தி எடுப்பாள். வளைகாப்பு முடிந்தும் சம்பந்தியம்மா அவளைப் பிரசவத்துக்கு என்னிடம் அனுப்பவில்லை. ரயில் வந்தால் அனுப்புகிறேன் என்று சொல்லிவிட்டார்.

இலையில் மூன்று பாதை

செல்வி கதையைச் சொல்லி, ரயில் எந்த வழியாக வரும் என்று ஐயாவைக் கேட்டேன். வாழையிலையிலேயே சட்னியால் மூன்று கோடு இழுத்தார். பழைய தடம் ஒன்று, புக்கிட் பாரு வழி ஒன்று, எங்கள் பின்கட்டை ஒட்டி ஒன்று. ஒவ்வொரு ஸ்டேஷனுக்கும் ஓர் இட்லி வைத்தார். பேச்சு மும்முரத்தில் ஒரு ஸ்டேஷன் காணாமல் போனது. அளவுச் சங்கிலி பிடிக்கும் முனியன்தான் சொன்னான்: "பயப்படாதீங்கம்மா, ஐயா சாப்பிட்டது புக்கிட் பாருவைத்தான்."

வடை கணக்கு

எங்கள் பக்கம் அளக்கிற நாளில் ஆளுக்கு இரண்டு வடை வைப்பேன். புக்கிட் பாரு பக்கம் போகிற நாளில் கை தானாக ஒன்றோடு நின்றுவிடும். சாமி சத்தியமாக வேண்டுமென்று செய்யவில்லை. ஐயா ஒரு வாரம் பார்த்துவிட்டு, தட்டை நகர்த்திச் சொன்னார்: "வடைக்கெல்லாம் தண்டவாளம் திரும்பாதும்மா."

முளைக்குச்சி சாமி

வேப்பமரத்தடியில் யாரோ சிவப்புத்துணி கட்டி ஒரு குச்சி அடித்திருந்தார்கள். தலைமுறை தலைமுறையாக இங்கேயே வாழும் மலாக்காச் செட்டி வம்சத்துப் பக்கத்து வீட்டு அம்மா வெள்ளிக்கிழமை காலையில் அதைப் பார்த்துவிட்டுப் பூ வைத்துச் சூடம் கொளுத்தினார். அவர் கும்பிட்டால் நான் சும்மா இருப்பேனா? மஞ்சள் குங்குமம் இட்டு, செல்விக்காக மூன்று சுற்றுச் சுற்றினேன்.

குச்சியை நாலடி தள்ளி அடிக்க வேண்டும் என்று ஆட்கள் வந்தார்கள். குங்குமத்தைப் பார்த்ததும் ஒருத்தரும் கை வைக்கவில்லை. அது சர்வே குச்சி என்று அப்போதுதான் எனக்கே தெரிந்தது. தலை குனிந்து நின்றேன். ஐயா செருப்பைக் கழற்றிவிட்டுக் கிட்டே போய்ப் பார்த்தார். "இருக்கட்டும், இனிமே ரயில்தான் வளைஞ்சு போகணும்," என்றார்.

முதல் வண்டி

வேலை முடிந்தது. எந்தப் பாதை என்பதைப் பெரிய இடத்தில் முடிவு செய்வார்களாம், வருஷக்கணக்கும் ஆகலாமாம். செல்விக்கு ஒன்பதாம் மாதம் தொடங்கிவிட்டது. நான் மாவைக் கரைத்ததையே கரைத்துக்கொண்டிருந்தேன். மறுநாள் சாமான் ஒப்படைக்கத் தம்பினுக்கு ஜீப் போகிறது, மகளை அழைத்துவர வெற்றிலைத் தட்டோடு வந்து ஏறுங்கள் என்றார் ஐயா.

தம்பினில் சம்பந்தியம்மா ஜீப்பை ஒரு சுற்றுச் சுற்றி வந்தார். கதவில் ரயில்வே என்று எழுதியிருந்ததை முனியனை வாசிக்கச் சொல்லிக் கேட்டார். வண்டி மாட்டுவண்டி வேகத்தில்தான் போகும் என்று ஐயாவிடம் வாக்கு வாங்கிக்கொண்டு, என்னைப் பார்த்துச் சொன்னார்: "ரயில்காரங்களே வந்து கூப்பிடுறாங்க, எப்படி மாட்டேன்னு சொல்றது? ஏத்திக்குங்க."

பாதை எந்தப் பக்கம் என்று இன்றுவரை எவரும் சொல்லவில்லை. பேரனுக்கு நாலு பல் முளைத்தாயிற்று.